இன்சாஃபின் குலவை கேட்காத நான்கு நாட்கள்

இன்சாஃப் வேலை செய்யும்போது அவள் வாயில் முப்பது நாற்பது ஆணிகள் இருக்கும். தட்டைத் தலையுள்ள, கறுத்த சின்ன ஆணிகள். நாக்கால் ஒன்றைப் புரட்டி உதட்டுக்குக் கொண்டுவருவாள். காந்த முனை வைத்த சுத்தியல் அதை உதட்டிலிருந்தே கவ்விக்கொள்ளும். ஒரு தட்டில் ஆணி வெல்வெட்டில் பதியும், இன்னொரு தட்டில் மரத்துக்குள் போய்விடும். இடது கை துணியை மடிப்பு விழாமல் இழுத்துப் பிடித்திருக்கும். அதே கையின் கட்டைவிரல் பஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு நாற்காலிக்கு எழுபது ஆணி. எகிப்தில் எங்கள் தும்யாத் ஊரில் செதுக்கித் தங்கப் பூச்சு கொடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்துதான் கெய்ரோ மாப்பிள்ளைகள் கல்யாணப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் உட்காரும் இடத்தில் நன்றாக அடி கொடுத்தவள் இன்சாஃப்.

ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை காலையில் அவள் ஆணிகளை வாயில் போட்டாள், உடனே உள்ளங்கையில் துப்பினாள். மறுபடி போட்டாள், மறுபடி துப்பினாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

"என்னாச்சுடி?"

"காதுக்குக் கீழ யாரோ கிள்ளிப் பிடிச்சிருக்கற மாதிரி இருக்கு ஹக்கீமா. பல்லா இருக்கும்."

"உனக்கு அந்தப் பக்கம் பல்லே கிடையாதே."

"இல்லாத பல்லு வலிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

நான் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆகிறது, சந்து இன்னும் என்னை ஹக்கீமா, வைத்தியக்காரி என்றுதான் கூப்பிடுகிறது. துணியைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். என்ன செய்தேன் என்பதைச் சொல்லுமுன் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இன்சாஃபுக்கு ஐம்பத்து நான்கு வயது. இந்தச் சந்திலேயே பிறந்து, இந்தச் சந்திலேயே ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டு, ஒரு மகனைப் பெற்றுக் குவைத்துக்கு அனுப்பியவள். புருஷன் இறந்து எட்டு வருடம். மருமகள் ஸஃபினாஸும் நான்கு வயதுப் பேரன் யுஸ்ரியும் அவளோடு இருக்கிறார்கள். கனமான உடம்பு, அதைவிடக் கனமான குரல். அவள் சிரித்தால் பக்கத்தில் இருப்பவரும் சிரித்தாக வேண்டும். இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. பல இடங்களில் தொந்தரவாகவே இருந்திருக்கிறது.

பெரிய கஞ்சனான மர வியாபாரி ஒருவர் இறந்தபோது துக்கம் கேட்கப் போனோம். பெண்கள் உள்ளறையில் கறுப்பு உடுத்தி வரிசையாக உட்கார்ந்திருந்தோம். துக்க வீட்டுக் காபியில் சர்க்கரை போடுவதில்லை. அந்த வீட்டில் காபித்தூளும் போட்டிருக்கவில்லை. இன்சாஃப் கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "இது காபி இல்ல, காபி இருந்த பாத்திரம் கழுவின தண்ணி," என்று எனக்கு மட்டும் சொன்னாள். சொன்னவளுக்கே தோள் குலுங்க ஆரம்பித்தது. எனக்குப் பரவியது, எனக்கு அடுத்தவளுக்குப் பரவியது. கோப்பையைப் பற்றி ஒன்றுமே தெரியாத பதினைந்து பேர் முகத்தைக் கறுப்புத் துணியில் புதைத்துக் குலுங்கினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆண்கள், "மனுஷன் மேல எவ்வளவு பாசம் வெச்சிருந்திருக்காங்க, பாரு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

குலவையும் அப்படித்தான். நல்ல சேதி எதுவானாலும் முதல் குலவை இன்சாஃப் வீட்டு மாடியிலிருந்து எழும். அடுத்த மாடி அதை வாங்கி இன்னும் அடுத்ததற்குக் கொடுக்கும். ஒரு நாள் ரொட்டிக்கடை மூலையில் குலவையிட்டுக்கொண்டிருந்த பெண்களிடம், "எதுக்கும்மா?" என்று கேட்டேன். "தெரியாது ஹக்கீமா, அங்கேர்ந்து வந்துது," என்றார்கள். விசாரித்ததில், இன்சாஃபுக்கு இரண்டு வாரம் தாமதமான காஸ் சிலிண்டர் வந்திருந்தது.

அவள் சீட்டும் பிடித்தாள். பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மாதம், மாதம் ஆளுக்கு இரண்டாயிரம் பவுண்டு. இருபத்திரண்டு வருடமாக ஒரு தவணை தவறியதில்லை. நோட்டுப் புத்தகம் கிடையாது, கையெழுத்து கிடையாது. மாதக் கடைசி நாள் வீடு வீடாகப் போய் வாங்குவாள், முதல் தேதி காலை முறைக்காரி கையில் கொடுப்பாள். அந்தச் சீட்டில் எத்தனை பெண்களுக்குக் கல்யாணம் ஆனது, எத்தனை பேருக்குக் கண் ஆபரேஷன் ஆனது என்று எனக்கே கணக்கில்லை.

இந்த முறை ஆகஸ்ட் முதல் தேதி புதன்கிழமை. முறை பஸீமாவுடையது. பஸீமா விதவை. நாற்காலிகளுக்கு மெருகு தேய்த்துப் பிழைப்பவள், விரல் நுனியெல்லாம் பழுப்பாக இருக்கும். மகள் நிஹாலுக்குக் கல்யாணம். கட்டில், பீரோ மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. ஃப்ரிட்ஜும் அடுப்பும் வாஷிங் மெஷினும் பெண் வீட்டுப் பொறுப்பு. எல்லாம் வாங்கிவிட்டாள், ஃப்ரிட்ஜ் மட்டும் பாக்கி. மெத்வல்லி கடையில் ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லி, புதன்கிழமை காலை பணத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். அன்றே சாமான்களை வண்டியில் ஏற்றிக் கொட்டு முழக்கத்தோடு புதுவீட்டில் இறக்குவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம். சாமான் புதனன்று வராவிட்டால் கல்யாணத் தேதியைத் தள்ளிவைப்பேன் என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். கையில் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோனேன்.

"காலங்காத்தால ஊறுகாயா?"

"கேள்வி கேக்காம கடி."

கடித்தாள். ஐயோ என்று தாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். காதுக்குக் கீழே தடவினேன். ஒரு பக்கம் கோழிமுட்டை அளவு, மறுபக்கம் ஆரம்பம்.

"பொன்னுக்கு வீங்கி," என்றேன். "யுஸ்ரிக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கன்னம் உப்பியிருந்துதே?"

"அது என் சமையல்ல உடம்பு தேறிட்டான்னு நெனச்சேனே."

"ஊரெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டினியே."

அவளுக்கே சிரிப்பு வந்து, சிரித்தால் வலித்து, இரண்டு கையாலும் முகத்தைத் தாங்கிக்கொண்டாள். நான் எங்கள் சந்து முழுவதையும் மனதில் ஒரு சுற்று சுற்றி வந்தேன். கர்ப்பிணிகள் இரண்டு பேர். தடுப்பூசி போடாத குழந்தைகள் எத்தனையோ. எல்லாவற்றுக்கும் மேலே ஷாதி, அவன் பெயரை வாய்விட்டே சொன்னேன். நிஹாலுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை அவன்தான். செதுக்குப் பட்டறையில் வேலை செய்பவன், தினம் காலையும் மாலையும் நாற்காலிச் சட்டங்களை இன்சாஃப் வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்குகிறவன்.

"ஷாதிக்கு வந்தா என்ன, கன்னம் வீங்கும். கல்யாணப் படத்துல குண்டாத் தெரிவான், அவ்வளவுதானே?"

"ஆம்பளைங்களுக்குக் கன்னத்தோட நிக்காதுடி."

இன்சாஃப் என்னைப் பார்த்தாள். புரிந்தது. "யா ரப்பி, பாவம் நிஹால்!" என்று மறுபடி சிரித்து மறுபடி வலி வாங்கிக்கொண்டாள்.

நான் உத்தரவு போட்டேன். வியாழன் வரை கதவு சாத்தியிருக்க வேண்டும். ஜன்னல் பலகைகள் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் எட்டிப் பார்த்து யாரையாவது கூப்பிட்டுவிடுவாள். போர்வை, தலையணை உறைகளை ஸஃபினாஸ் பையில் கட்டி என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், நான் கொதிக்க வைத்துத் துவைக்கிறேன். ஸஃபினாஸுக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, அதனால் அவள் வெளியே போய் வரலாம். இன்சாஃப் போனை எடுக்கக் கூடாது. யாராவது கேட்டால், மாமியார் ராஸ் அல்-பர்ரில் தங்கை அஃபாஃப் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கடைசி உத்தரவு தவறு. உண்மையைச் சொன்னால் பொன்னுக்கு வீங்கியைவிட அதன் பேர் வேகமாகப் பரவும், ஷாதியின் அம்மா கல்யாணத்தைத் தள்ளிவைப்பாள் என்று கணக்குப் போட்டேன். நோய்க்குக் கதவைச் சாத்தத் தெரிந்தது எனக்கு. எங்கள் சந்தில் சாத்திய கதவை யாரும் பார்த்ததே இல்லை என்பது நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறு அமைதியாகப் போனது. திங்கட்கிழமை பகலில் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்தது. இஸ்திரிக் கடைக்காரர் மனைவி கமாலாத்தின் மகள் ஹயாம் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. கீழே இருந்து கமாலாத்தின் அலறல் கேட்டது, அதன் பிறகு குலவை. நான் அப்போது இன்சாஃபின் கட்டிலருகே ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள்.

"உட்காரு."

"கமாலாத் பொண்ணு பாஸாயிருக்கு ஹக்கீமா!" வாய் இரண்டு விரல் அகலம்தான் திறந்தது. பாதி வார்த்தை மூக்கு வழியாக வந்தது.

"நீ ராஸ் அல்-பர்ல இருக்க. அங்கேர்ந்து குலவை கேக்காது. உட்காரு."

வெளியே குலவை மாடி மாடியாகத் தாவி, இன்சாஃப் வீட்டு ஜன்னலுக்கு வந்ததும் ஒரு படி இடறியது போல நின்று, தாண்டிப் போனது. எனக்கு அது நன்றாகக் கேட்டது. கமாலாத்துக்கும் கேட்டிருக்கிறது.

"காஸ் சிலிண்டருக்குக் குலவை போட்டவ, என் பொண்ணுக்குப் போடலியே," என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். போன் செய்தாள். இன்சாஃப் எடுக்கவில்லை, பேச முடிந்தால்தானே. சாயங்காலம் மீன் மார்க்கெட்டில் மடவை மீன் வாங்கப் போனவள் அங்கே அஃபாஃபைப் பார்த்துவிட்டாள்.

"உங்கக்கா உங்க வீட்டுல சொகமா இருக்காளா?"

"எங்க வீட்டுலயா? அவ ரெண்டு மாசமா எட்டிக்கூடப் பாக்கலியே."

செவ்வாய்க்கிழமை காலை சீட்டுப் பணம் வாங்க ஸஃபினாஸை அனுப்பினோம். இரண்டு வீட்டில் கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டில், "உன் மாமியார் வரட்டும், குடுக்கறேன்," என்றார்கள். நான்காவது வீட்டில் கதவைத் திறக்கவில்லை. முதலில் கொடுத்தவர்களில் ஒருத்தி படியேறி வந்து, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு வார்டில் நாலு பேருக்குப் பேதி வந்தால் மருந்து கொடுத்தபடியே முதல் ஆள் யார், என்ன சாப்பிட்டார் என்று தேடுவோம். அதையே செய்தேன். ரொட்டிக்கடை வரிசையில் ஒருத்தி, "இன்சாஃப் குவைத்துக்குப் போயிட்டா, மகன் டிக்கெட் அனுப்பினானாம்," என்றாள். யார் சொன்னது? பாலாடைக்கட்டி விற்பவள். அவளிடம் போனேன். "குவைத்துன்னு நான் சொல்லல. சாமானையெல்லாம் மூட்டை கட்டி ராவோட ராவா அனுப்பிட்டான்னுதான் சொன்னேன்." யார் பார்த்தது? பூண்டு விற்பவள். அவள் பார்த்தது ராவிலும் இல்லை, ஸஃபினாஸ் பட்டப்பகலில் பெரிய பையோடு சந்துக்குக் குறுக்கே போனதைத்தான். அந்தப் பை என் வீட்டுக்கு வந்த போர்வை மூட்டை. போனை எடுக்காதது என் உத்தரவு. ஜன்னல் இறங்கியது என் உத்தரவு. ராஸ் அல்-பர் என் வாயிலிருந்து வந்தது. முதல் ஆளைத் தேடிப் போனவள் சந்து முழுக்கச் சுற்றி என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தேன்.

அதற்குள் விஷயம் எங்கள் சந்தோடு நிற்கவில்லை. பக்கத்துச் சந்தில் வேறொருத்தி சீட்டு பிடிக்கிறாள். அவளுக்கும் இன்சாஃபுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவள் வாசலிலும் பெண்கள் கூடி, கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். "இன்சாஃபே ஓடிட்டான்னா மத்தவங்களை எப்படி நம்பறது?" என்பது அவர்கள் நியாயம். அந்தப் பெண் பாவம், தன் வீட்டிலேயே எல்லோர் கண் முன்னாலும் உட்கார்ந்துகொண்டு, நான் ஓடவில்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தாளாம். மெத்வல்லி கடையில் தவணைக்குச் சாமான் கொடுப்பதை நிறுத்திவிட்டார். பஸீமாவுக்குப் போன் செய்து, "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள முழுப் பணம் வரணும். இல்லேன்னா அந்த ஃப்ரிட்ஜை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்," என்று சொல்லிவிட்டார்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம் இன்சாஃப் வீட்டுப் படிக்கட்டில் இருபது பேருக்கு மேல் ஏறி வந்தார்கள். நான் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு மேல்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"சீட்டுல இருக்கறது பன்னண்டு பேர். மத்தவங்க எதுக்கு வந்தீங்க?" ஒருத்தியைக் கைகாட்டிக் கேட்டேன். "உனக்குச் சீட்டே கிடையாதே."

"எல்லாரும் வந்தாங்க, நானும் வந்தேன்."

"சரி, கேளுங்க. இன்சாஃப் எங்கயும் போகல. உள்ளதான் இருக்கா. பொன்னுக்கு வீங்கி. ராஸ் அல்-பர்ங்கற பொய் அவளோடது இல்ல, என்னோடது."

கமாலாத் இடுப்பில் கை வைத்தாள். "ஹக்கீமா பொய் சொல்லுவாங்களா? முப்பது வருஷமா எங்க குழந்தைங்களுக்கு ஊசி போட்டவங்க!"

"ஊசி வலிக்காதுன்னு அவங்ககிட்ட யாரு சொன்னான்னு நெனச்ச?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. "மூஞ்சியக் காட்டச் சொல்லுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நாங்க உள்ள போய்ப் பாக்கறோம்."

"சின்ன வயசுல யாருக்கெல்லாம் வந்து போச்சு, கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன. பிறந்ததிலிருந்து நான் பார்த்துவரும், ஒரு தரம்கூடக் கன்னம் வீங்காத பெண்ணும் தூக்கினாள். கர்ப்பிணி ஒருத்தி இரண்டு கையையும் தூக்கினாள். இது சரிப்படாது.

"எல்லாரும் தெருவுக்கு இறங்குங்க. அவ பால்கனிக்கு வருவா."

பஸீமா மட்டும் படியிலேயே நின்றாள். முக்காட்டு நுனியைப் பழுப்பு விரல்களில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "ஹக்கீமா, நான் அவங்களைச் சந்தேகப்படல," என்றாள். "ஆனா பணம் வரலேன்னா, சந்தேகப்படாம என்ன லாபம்?" போய்த் தெருவில் நில் என்றேன்.

உள்ளே இன்சாஃப் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இந்த மூஞ்சியோட வர மாட்டேன்."

"உன் பேரு போகுதுடி."

"போகட்டும். மூஞ்சியும் பேரும் ஒண்ணாப் போறதுக்கு, பேரு மட்டும் போகட்டும்."

"பேரு தனியாப் போகாது. நிஹாலோட ஃப்ரிட்ஜையும் இழுத்துட்டுப் போகும். நாளைக்கு ஒன்பது மணிக்கு."

எழுந்தாள். நான் தாடைக்கு ஒற்றடம் வைத்து ஒரு வெள்ளைத் துணியால் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தேன். முடிச்சின் இரண்டு முனைகளும் முயல் காதுபோல நட்டுக்கொண்டு நின்றன. ஜன்னல் பலகையைத் தூக்கினேன். இன்சாஃப் பால்கனியில் போய் நின்றாள்.

சந்து முழுக்கக் கழுத்தைத் தூக்கிப் பார்த்தது. அவள் முகம் நெற்றியில் ஒடுங்கிக் கீழே போகப் போக அகன்றிருந்தது. கழுத்து என்று ஒன்று இல்லை. கண் இரண்டும் கோபமாக இருந்தன, ஆனால் கோபத்துக்கு அந்த முகத்தில் இடம் போதவில்லை. அவள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வாத்துச் சத்தம்.

முதலில் சிரித்தவள் பஸீமா. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை வழி தவறிச் சிரிப்பாக வெளியே வந்தது என்றுதான் நினைக்கிறேன். சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவள் பக்கத்தில் நின்றவளுக்குப் பிடித்துக்கொண்டது. கமாலாத் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு மாடி மாடியாக ஏறி, ரொட்டிக்கடை மூலை திரும்பி, இஸ்திரிக் கடைக்குள்ளும் போனது. கமாலாத்தின் புருஷன் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டையின் முதுகைத் தீய்த்தார். மேலே இன்சாஃப் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்கடி, செத்துடுவேன்," என்று மூக்கால் கெஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

நான் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். சிரித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைய ஆரம்பித்தார்கள். பணம் அவரவர் மடியிலேயே இருந்தது. சந்தேகம் தீர்ந்ததும் பயம் தீர்ந்துவிடுவதில்லை. அடுத்தவள் கொடுப்பாளா என்று ஒவ்வொருத்தியும் அடுத்தவளைப் பார்த்தாள்.

காய்கறி வாங்க இன்சாஃப் மாடியிலிருந்து இறக்கும் கயிற்றுக் கூடையை எடுத்தேன். தெருவின் நடுவே இறங்கும்படி விட்டேன்.

"யாரும் மேல வரக் கூடாது. கூடைல போடுங்க. யாரு போடறாங்கன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி போடுங்க."

கூடை காற்றில் சுற்றிக்கொண்டு நின்றது. யாரும் நகரவில்லை. நான் கமாலாத்தைப் பார்த்தேன். மேலே இருந்து ஒருத்தியை முறைப்பது வார்டில் எனக்குப் பழக்கமான வேலை. அவள் காலை மாற்றி நின்றாள். மடியை அவிழ்த்தாள். நாலு அடி வைத்துக் கூடைக்குள் பணத்தைப் போட்டு, அண்ணாந்து கத்தினாள்.

"என் பொண்ணுக்கு ஒரு குலவை பாக்கி இருக்கு இன்சாஃப்! மூஞ்சி வத்தினதும் மூணாத் திருப்பித் தரணும்!"

மேலே இருந்து ஒரு வாத்துச் சத்தம் ஒப்புக்கொண்டது.

பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. காலையில் திருப்பி வாங்கிப் போனவள் ஓடி வந்து போட்டாள். வீட்டில் வைத்திருந்தவர்கள் எடுத்துவர ஓடினார்கள். கூடைக்கு முன்னால் தள்ளுமுள்ளு. "மொதல்ல நான் வந்தேன்," "உன் நோட்டு கிழிஞ்சிருக்கு, மாத்திட்டு வா" என்று ஒரே சண்டை. காலையில் பணத்தை வெளியே எடுக்க மறுத்த அதே பெண்கள் உள்ளே போட அடித்துக்கொண்டார்கள். சீட்டே இல்லாத அந்தப் பெண் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த சீட்டுல என்னையும் சேத்துக்குவியா அக்கா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

கூடையை இழுத்து ஏற்றினேன். இன்சாஃப் பழக்கத்தில் கட்டைவிரலை நாக்குக்குக் கொண்டுபோனாள். கையில் ஒரு அடி போட்டேன்.

"எச்சி தொட்டு எண்ணினேன்னா இந்த ஊர் மொத்தத்துக்கும் உன் கன்னம் வந்துடும். ஸஃபினாஸ் எண்ணட்டும்."

எண்ணினாள். சரியாக இருந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னாலேயே பக்கத்துச் சந்துக்காரி வாசலும் காலியாகிவிட்டதாகச் சேதி வந்தது. அவளுக்காக யாரும் எதையும் விளக்கவில்லை. எங்கள் சந்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு வந்து பார்த்துவிட்டுப் போனவர்களே அங்கே பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஷாதியின் அம்மாவும் அன்று சாயங்காலம் வந்தாள். நானே கூப்பிட்டனுப்பி உண்மையைச் சொன்னேன். ஷாதிக்கு ஏழு வயதில் இரண்டு பக்கமும் வீங்கியதை அவள் தேதியோடு சொன்னாள். நான் அவளை முதலிலேயே கேட்டிருந்தால் நான்கு நாள் கூத்து மிச்சம். கேட்கவில்லை. எழுபத்தோரு வயதில் இதையும் கற்றுக்கொண்டேன்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு நானும் பஸீமாவும் மெத்வல்லி கடைக்குப் போனோம். கடை திறந்திருக்கவில்லை. திறக்கும்வரை பஸீமா கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். மெத்வல்லி வந்ததும் சாவியைப் போட விடாமல் பணத்தை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, தலையைச் சொறிந்து, "நேத்து எல்லாரும் அப்படிப் பேசினாங்கம்மா," என்றார். "நீங்களும்தான்," என்றாள் அவள். அவர் ஒரு மின்விசிறியை எடுத்து, கல்யாணப் பரிசு என்று சொல்லி வண்டியில் வைத்தார்.

பத்து மணிக்கு வண்டி சந்துக்குள் வந்தது. ஃப்ரிட்ஜ் நடுவில், சுற்றிலும் பாத்திரங்கள், மேலே நான்கு பையன்கள் கொட்டடித்துக்கொண்டு. ஹாரன் நிற்கவே இல்லை. புதுவீடு மூன்றாம் மாடி. படி குறுகல். ஷாதியும் இன்னும் மூன்று பேரும் கயிறு கட்டி ஃப்ரிட்ஜை வெளிப்புறமாகத் தூக்கி பால்கனி வழியாகவே ஏற்றினார்கள். கீழே நின்ற முப்பது பெண்களும் ஆளுக்கொரு யோசனை கத்தினார்கள். வைத்து முடித்ததும் மெத்வல்லியின் ஆள், சாய்த்துக் கொண்டுவந்ததால் நாலு மணி நேரம் கழித்துத்தான் ஸ்விட்சைப் போட வேண்டும் என்றான். பஸீமா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்கள்ளாம் போய்ச் சாப்பிடுங்க. நான் இருக்கேன்."

யாரும் போகவில்லை. ஒருத்தி தேநீர் போட்டாள். ஒருத்தி முஷப்பக் இனிப்பு வாங்கிவர ஆள் அனுப்பினாள். எல்லோரும் ஃப்ரிட்ஜைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள்.

நான் மட்டும் எழுந்து வந்தேன். சந்தில் ஒவ்வொரு வீடாகப் போய்க் குழந்தைகளின் காதுக்குக் கீழே தடவினேன். பதினேழு கழுத்து. பூண்டு விற்பவள் வீட்டுப் பையனுக்கு வலது பக்கம் வீங்க ஆரம்பித்திருந்தது. அவளிடம் ஒரு அட்டையும் கரியும் கேட்டு வாங்கினேன். 'இந்த வீட்டில் பொன்னுக்கு வீங்கி. எல்லோரும் உள்ளேதான் இருக்கிறோம். திங்கட்கிழமை கதவு திறக்கும்' என்று தெருவுக்கே தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதினேன். கீழே என் பெயரையும் போட்டுக் கதவில் ஆணி அடித்தேன்.